இருபதரை அடிக் களம்: சதுரத்தின் பரப்பை எப்படி அளப்பது?

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் மதினிக்குக் களம் போடும் யோசனை வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அண்ணன் கரையில் சும்மா இருப்பார், எடுபிடிக்கு ஆள் கிடைக்கும், வேலையை முடித்துவிடலாம் என்று மதினி கணக்குப் போட்டிருந்தார். மணலில் வலையை விரித்துக் காயப்போடும் நெத்திலியில் எப்படியும் கொஞ்சம் மணல் ஏறிவிடும். வாயில் நறநறவென்று கடிபட்டால் வியாபாரி உடனே விலையை இறக்குவார். சிமெண்ட் களத்தில் காய்ந்த கருவாட்டுக்கு அந்தப் பேச்சு வராது.

தங்கச்சிமடத்தில் வீட்டுக்குப் பின்னால் தென்னைக்கும் ஓலைவேலிக்கும் நடுவே இடம் இருந்தது. "ஒரு சென்ட்டு இருக்கும், நல்ல சதுரமா இருக்கு" என்றார் அண்ணன். கொத்தனார் வந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். அப்படியானால் மொத்தம் எத்தனை சதுர அடி? இதற்குப் பதில் சொல்ல ஐந்து பேர் கிளம்பினோம், ஐந்து பேரும் ஐந்து வழியில்.

கொத்தனார் ஒரு பக்கத்தில் டேப்பைப் பிடித்து அதை அதாலேயே பெருக்கினார். அண்ணன் நைலான் கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி நான்காக மடித்தார். என்னிடம் டியூஷன் படிக்கும் எட்டாம் வகுப்புப் பையன் போனை எடுத்துக்கொண்டு சுற்றி நடந்தான். நான், வாத்தியார் புத்தி போகுமா, மூலைக்கு மூலை அளக்கச் சொன்னேன். மதினி மட்டும் எதையும் அளக்கவில்லை. "எத்தனை கூடை நெத்திலி காயும், அதைச் சொல்லுங்க" என்றார்.

வீட்டில் களமோ தளமோ தொட்டியோ போடப்போகிறவர்களும், பிள்ளைகளுக்குச் சதுரத்தின் பரப்பளவு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்களும் இந்த ஐந்தில் எதை எடுப்பது என்று எழுதத் தோன்றியது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்துவந்த வழி இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் அடிவாங்கியது.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல்

"இருபது அடி சதுரம்" என்பதும் "இருபது சதுர அடி" என்பதும் வேறு வேறு. முதலாவது, ஒவ்வொரு பக்கமும் இருபது அடி உள்ள இடம். அதன் பரப்பு 400 சதுர அடி. இரண்டாவது, ஒரு கட்டில் போடும் இடத்தைவிடச் சிறியது. ஒரு சொல் இடம் மாறினால் இருபது மடங்கு வித்தியாசம். இதுபோதாதென்று கொத்தனார்களுக்குச் "சதுரம்" என்பதே ஓர் அளவு: 100 சதுர அடி ஒரு சதுரம். பத்து சதுரம் வீடு என்றால் ஆயிரம் சதுர அடி வீடு. அந்த வீடு சதுரமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் கொத்தனார் கணக்கை முடித்துவிட்டு "நாலேகால் சதுரம்" என்றார். அப்படியென்றால் 425. உண்மையில் வந்தது 420¼. அந்த நாலேமுக்கால் சதுர அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பேச்சுக்கு அப்படித்தான் டீச்சர் சொல்றது" என்று சிரித்தார். பேச்சுக்குச் சொன்னது பில்லுக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பக்கத்தைப் பக்கத்தால் பெருக்குவது

எல்லாரும் அறிந்த வழி. பக்கம் இருபதரை அடி. 20½ × 20½ = 420¼ சதுர அடி. ஒரே ஓர் அளவு, ஒரே ஒரு பெருக்கல். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக அண்ணன் சொன்ன "ஒரு சென்ட்டு" 15 சதுர அடி குறைந்தது. சதுரமாக ஒரு சென்ட் வேண்டுமென்றால் பக்கம் ஏறக்குறைய 20 அடி 10½ அங்குலம் இருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால், யாராவது "ஒரு சென்ட்டு" என்று கையை வீசிக் காட்டும்போது காலடி வைத்தே சரிபார்க்கலாம்.

எளிய வழிதான், ஆனால் இதில் விழுகிற குழிகள் இரண்டு உண்டு.

ஒன்று, அடியும் அங்குலமும். 20 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 20.6 என்று போடுகிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெரியவர்கள்கூடப் போடுகிறார்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து அல்ல. 20.5-ஐ வர்க்கமாக்கினால் 420.25, 20.6-ஐ ஆக்கினால் 424.36. வெறும் ஒரு புள்ளி இடறியதற்கு நான்கு சதுர அடி கூலி. மீட்டரில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் வேறொரு தொல்லை: 6.25 மீட்டர் பக்கத்துக்கு 39.06 சதுர மீட்டர் வரும், அதை அடிக்கு மாற்ற 3.28-ஆல் பெருக்கி 128 என்பார்கள். நீளத்துக்குத்தான் 3.28. பரப்புக்கு அதையும் வர்க்கமாக்கி 10.76-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 420 வரும்.

இன்னொன்று, எந்த ஓரம்? களத்தைச் சுற்றி மீன் தண்ணீர் வழியாமல் இருக்க அரைச்செங்கல் வரப்பு கட்டுகிறோம், நாலரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது அங்குலம் போனால் உள்பக்கம் 19¾ அடி. அதன் பரப்பு 390. கொத்தனார் வெளிவிளிம்பை அளப்பார், அது அவர் வேலை நடந்த இடம். மீன் காய்வது உள்ளே. 420-க்கும் 390-க்கும் நடுவே முப்பது சதுர அடி. இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகிற அளவுமுறைத் தகராறுகள் பெரும்பாலும் இதைவிடச் சின்னவை. அதனால் டேப்பை எடுக்கும் முன்னால் "உள்ளளவா வெளியளவா" என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்புப் பாத்தியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வரப்பு சரிவாக இறங்கும். மேலே அளந்தால் ஒரு பரப்பு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வேறொரு பரப்பு.

இருபதரையை மனத்தில் வர்க்கமாக்க ஒரு சுருக்கு இருக்கிறது. அரையோடு முடிகிற எண்ணுக்கு, கீழெண்ணை அடுத்த எண்ணால் பெருக்கிக் கால் சேர்த்தால் போதும்: 20 × 21 = 420, அதோடு கால். பன்னிரண்டரைக்கு 12 × 13 = 156, அதோடு கால். கொத்தனாருக்கு இது தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பழக்கத்தில் வந்ததாம். ஏன் அப்படி வருகிறது என்பது மதினியின் முறையில் தெரியும், பிறகு வருகிறேன்.

மூலைக்கு மூலை

சதுரத்தின் மூலைவிட்டத்தை வர்க்கமாக்கிப் பாதியாக்கினால் பரப்பு. காரணம் எளிது. மூலைவிட்டத்தையே பக்கமாக வைத்து ஒரு பெரிய சதுரம் வரைந்தால், அதற்குள் நம் சதுரத்தின் பாதி போன்ற முக்கோணங்கள் நான்கு அடங்கும். நம் சதுரத்தில் அப்படி இரண்டு. ஆக அது இரு மடங்கு, நம்முடையது அதில் பாதி. இருபதரை அடிச் சதுரத்துக்கு மூலைவிட்டம் கிட்டத்தட்ட மிகச்சரியாக 29 அடி. 29 × 29 = 841, பாதி 420½. கால் சதுர அடி வித்தியாசம் 29 என்று முழுதாக்கியதால் வந்தது.

இதை நான் ஏன் விடாப்பிடியாகச் சொல்லிவந்தேன் என்றால், நான்கு பக்கமும் சமமாக இருப்பதால் மட்டும் ஒன்று சதுரமாகிவிடாது. கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நான்கு கழியும் ஒரே நீளம். ஆனால் நான்கு மூலையிலும் குறுக்குக் கழி வைத்துக் கட்டாவிட்டால் அலை தள்ளிய பக்கம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். பக்கம் மாறவில்லை, பரப்பு குறைந்துவிட்டது. எனவே பக்கத்தை மட்டும் அளக்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு அளக்கிறார் என்பது என் வாதம்.

கொத்தனார் முளையடித்து வைத்திருந்த நான்கு மூலைக்கும் டேப் பிடித்தோம். பக்கம் நான்கும் இருபதரை. மூலைவிட்டம் ஒன்று 28 அடி. மற்றது 29 அடி 11½ அங்குலம். இடம் சாய்ந்திருக்கிறது! எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். "பாத்தீங்களா அண்ணே, சதுரமே இல்ல" என்றேன்.

கொத்தனார் அசரவில்லை. "சரி டீச்சர், எத்தனை சதுர அடி குறையுது?"

போட்டுப் பார்த்தேன். பக்கங்கள் சமமாக இருக்கும்போது இரண்டு மூலைவிட்டங்களையும் பெருக்கிப் பாதியாக்கினால் சாய்சதுரத்தின் பரப்பு துல்லியமாக வரும். 419 சொச்சம். ஒரு சதுர அடிகூட முழுதாகக் குறையவில்லை.

ரெண்டு மூலைவிட்டத்துக்கும் இரண்டடி வித்தியாசம், கண்ணுக்கே கோணல் தெரிகிறது, பரப்பிலோ ஒரே ஒரு சதுர அடி. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை மிரட்டிவந்த எனக்கு இது ஒரு குட்டு. கொஞ்சமாகச் சாய்ந்தால் பரப்பு கொஞ்சத்திலும் கொஞ்சமாகத்தான் குறையும். நன்றாகச் சாய்ந்து ஒரு மூலைவிட்டம் 24 அடிக்கு வந்துவிட்டால்தான் பரப்பு 399-க்கு இறங்கி, கூலியில் உறைக்கும்.

இதைவிட மோசமான செய்தி என் சொந்த முறைக்குக் காத்திருந்தது. ஒரே ஒரு மூலைவிட்டத்தை மட்டும் அளந்து, சதுரம்தானே என்று நம்பி வர்க்கமாக்கிப் பாதியாக்கியிருந்தால்? 28-ஐ வைத்தால் 392. மற்றதை வைத்தால் ஏறக்குறைய 449. ஒரே இடத்துக்கு 57 சதுர அடி இடைவெளி! பக்கத்தைப் பெருக்கிய கொத்தனார் கண்ணைக் கட்டிக்கொண்டே ஒரு சதுர அடிக்குள் வந்துவிட்டார். கண்ணைத் திறந்து வைத்திருந்த நான் ஒரு மூலைவிட்டத்தோடு நின்றிருந்தால் முப்பது சதுர அடி தவறியிருப்பேன். செவ்வகம் என்றாலும் இதே கதைதான்: 25-க்கு 16 அடி இடத்தின் பரப்பு 400, மூலைவிட்டத்தை வர்க்கமாக்கிப் பாதியாக்கினால் 440 என்று காட்டும்.

அப்படியென்றால் மூலைவிட்டம் எதற்கு? மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க. இரண்டும் சமமானால், பக்கமும் சமமானால், அது சதுரம். அதற்குமேல் யாரும் வாதாட முடியாது. பரப்புக்கு அது பெரிதாக உதவாவிட்டாலும் மேலே தகரம் போடும்போதும் டைல்ஸ் பதிக்கும்போதும் ஒரு சாணுக்குக் கோணல் பல்லைக் காட்டும். கொத்தனாரிடம் மூலைமட்டம் இருந்தது. ஆனால் ஓரடி நீளக் கருவியில் இருபதடிக் கோட்டின் நேர்மையைப் பார்க்க முடியாது. ஒரு பக்கம் ஆறடி, மறுபக்கம் எட்டடி குறித்து, குறுக்கே பத்தடி வருகிறதா என்று பார்க்கும் பழைய முறையில்தான் அவர் முளையைத் திருத்தினார். நீளமான மூலைவிட்டத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளியதும் இரண்டும் 29-க்கு வந்தன.

அண்ணனின் கயிறு

கடலுக்குப் போகிறவர்களுக்கு டேப் எதற்கு? சுற்றிலும் கயிறு ஓட்டி, எடுத்து, நான்காக மடித்தார் அண்ணன். ஒரு மடிப்பின் நீளம்தான் பக்கம். அதை வர்க்கமாக்கினால் பரப்பு. சுற்றளவு 82, நான்கில் ஒரு பங்கு 20½. நடுவில் படகோ வலைக்குவியலோ கிடந்து குறுக்கே டேப் போட முடியாத இடத்தில் இதுவே வசதி. தண்ணீர் நிறைந்த தொட்டிக்கும் இதுதான். மூலைவிட்டம் அளக்க யார் நீந்துவது?

இதில் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு. அளவில் ஓர் அங்குலம் தவறியது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் தவறினால் பரப்பில் கிட்டத்தட்ட 3.4 சதுர அடி தவறும். மூலைவிட்டத்தில் தவறினால் 2.4. சுற்றளவில் தவறினால் ஒன்றுக்கும் கீழே. அந்த ஓர் அங்குலம் நான்கு பக்கத்துக்கும் பங்கிடப்படுவதால் இப்படி. ஆக, ஒரே ஓட்டத்தில் சுற்றளவை எடுப்பவருக்கு டேப்பின் சிறு பிசகு அவ்வளவாக வலிக்காது.

ஆனால் கயிற்றின் பிசகு சிறுபிசகு அல்ல. நைலான் கயிறு இழுத்தால் நீளும். இழுத்துப் பிடித்து ஓட்டிவிட்டு, தளர விட்டு அளந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு வித்தியாசம் எளிதாக வரும். நீளத்தில் நூற்றுக்கு இரண்டு என்றால் பரப்பில் நூற்றுக்கு நான்கு. எங்கள் களத்துக்கு அது 17 சதுர அடி. எந்த முறையானாலும் இந்த இரட்டிப்பு உண்டு, பங்கிட்டுத் தப்பிக்க முடியாது. டேப்புக்கும் காற்று ஒரு எதிரி. அன்றைக்குக் கச்சான் காற்று கிளம்பியிருந்தது. தொங்கிய டேப் பாய்மரம்போல் வயிறு தள்ளி வளைந்தது. வளைந்த டேப் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், குறைவாகக் காட்டாது. விடியற்காலையில் காற்று விழுந்திருக்கும்போது, டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அளப்பதுதான் நல்லது.

சுற்றளவு முறையின் உண்மையான ஆபத்து வேறு. அது சதுரம்தான் என்று யாராவது உறுதி கொடுத்தால் ஒழிய அதை நம்பக்கூடாது. அதே 82 அடிக் கயிற்றில் 25-க்கு 16 வளைத்தால் 400 சதுர அடி. 30-க்கு 11 வளைத்தால் 330. 36-க்கு 5 வளைத்தால் வெறும் 180. கயிறு அதே கயிறு. "சுத்தி எம்பத்தி ரெண்டடி" என்று மட்டும் சொல்லி இடம் காட்டுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஒரே சுற்றளவில் சதுரம்தான் மற்ற எல்லா நாற்கரங்களையும்விட அதிகப் பரப்பு கொடுக்கும். ஆகையால் நான்காக மடிக்கும் கணக்கு தவறினால் எப்போதும் விற்கிறவர் பக்கமே சாயும்.

போன்

பையன் செயலியைத் திறந்து, நான்கு மூலையிலும் நின்று புள்ளி வைத்தான். முதல் சுற்றில் 310 சதுர அடி என்றது. இரண்டாம் சுற்றில் 560. "டீச்சர், சாட்டிலைட்டு சரியில்ல" என்றான். சாட்டிலைட் சரியாகத்தான் இருக்கிறது. திறந்த வெளியில்கூடப் போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆறு மீட்டர் பக்கம் உள்ள களத்தில் மூன்று மீட்டர் தவறினால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு ஏக்கர் பனங்காட்டைத் தோராயமாகப் பார்க்க வேண்டுமானால் சரி. சதுரமான ஒரு ஏக்கருக்குப் பக்கம் ஏறக்குறைய 209 அடி. அங்கே இரண்டு மூன்று மீட்டர் பெரிய பாதகமில்லை. வீட்டு வேலைக்கு வேண்டாம். பத்திரப் பேச்சுக்குச் சுத்தமாக வேண்டாம். அதற்குச் சர்வேயரும் புலப்படமும் இருக்கின்றன.

மதினியின் கேள்வி

"எத்தனை கூடை காயும்" என்று கேட்டபோது நாங்கள் சிரித்தோம். யோசித்தால், பரப்பு என்பதற்கு அவர் சொன்னதுதான் சரியான பொருள். ஒரு சதுர அடி இடத்தில் இவ்வளவு மீன் பரத்தலாம். அப்படி எத்தனை இடம் இருக்கிறது? எண்ணு. பெருக்கல் என்பது எண்ணிச் சலித்தவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி.

பிள்ளைகளிடம் பனைமட்டையைக் கொடுத்து மணலில் அடிக்கு அடி கட்டம் போடச் சொன்னேன். இருபது வரிசை, வரிசைக்கு இருபது: 400 முழுக்கட்டம். வலது ஓரத்தில் அரைக்கட்டம் இருபது, மேல் ஓரத்தில் அரைக்கட்டம் இருபது. நாற்பது அரை சேர்ந்து 20 முழுக்கட்டம். மூலையில் ஒன்றே ஒன்று, அரைக்கு அரை, அதாவது கால். மொத்தம் 420¼. கொத்தனாரின் சுருக்குவழி மணலில் படுத்துக் கிடந்தது. அந்த இரண்டு அரை ஓரங்களும் சேர்ந்து இன்னொரு முழு வரிசையாகிவிடுவதால்தான் 20-ஐ 21-ஆல் பெருக்குகிறோம். மூலையில் மிஞ்சும் காலைக் கடைசியில் சேர்க்கிறோம். கட்டம் போட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு சின்னப் பெண் "அரைக்கு அரை கால்தானா, அரை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தானே காலால் அழித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள்.

இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு எண்ணும் முறை கைவசம் இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பாசி வளர்ப்பு மிதவை பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. அதில் இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது இடத்தில் விதைப்பாசி கட்டுவார்கள். 400 கட்டு. கட்டுக்கு 150 கிராம் வீதம் ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. அம்மாவோடு கரையில் உட்கார்ந்து பாசி கட்டிய பிள்ளை, இருபதின் வர்க்கம் 400 என்பதைப் புத்தகம் திறக்கும் முன்பே விரலால் கட்டிப் பார்த்திருக்கிறது. அதற்குப் போய் நாம் "பக்கம் இன்டு பக்கம்" என்று பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொல்கிறோம்.

அந்த மிதவையின் பரப்பு 144 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை இன்னும் குழிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு இது பழகிய எண்: பன்னிரண்டடிச் சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதால் குழியும் மாறியிருக்கிறது. ஆனால் சொல்லின் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஓர் எண்ணை அதாலேயே பெருக்குவது. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் வர்க்க வாய்ப்பாட்டுக்குக் குழிமாறு என்று பெயர். முழு எண்களுக்குப் பெருங்குழி, அரை கால் போன்ற பின்னங்களுக்குச் சிறுகுழி. "அரைக்கு அரை கால்" என்பதைச் சிறுகுழியில் தலைகீழாக ஒப்பித்தவர்கள் நம் பாட்டன்மார். எண்ணும் வழி பெரிய இடத்துக்கு ஆகாது, நேரம் தின்னும். ஓரம் கோணலாக இருந்தால் பாதிக் கட்டம் கால் கட்டம் என்று தோராயத்தில் முடியும். கொத்தனார் முன்னால் உட்கார்ந்து கட்டம் எண்ணினால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

எங்கள் முடிவு

கூலிக்கும் சாமானுக்கும் பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒரு பக்கத்தை அல்ல, நான்கையும் அளந்து. முளை திருத்தியபின் இரண்டு மூலைவிட்டத்தையும் சரிபார்த்து. மொத்தம் ஆறு அளவு, கால் மணி நேரம். வெளியளவு 420 என்று கொத்தனாரிடம் ஒத்துக்கொண்டோம், "நாலேகால்" போய்விட்டது. நான்கு அங்குலக் கனத்துக்குக் கலவை 140 கன அடி. பரப்பில் மூன்று சதுர அடி தவறினால் ஒரு கன அடி கலவை தவறும், அவ்வளவுதான். அதற்குமேல் துல்லியம் தேடி மண்டையை உடைக்கவில்லை.

உங்கள் இடத்தில் நடுவில் எதையும் நகர்த்த முடியாதென்றால் அண்ணன் வழி, டேப்பால், கயிற்றால் அல்ல. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியோ கடலரிப்பில் சிதைந்தோ பக்கங்களைச் சரியாக அளக்க முடியாமல், எதிரெதிர் மூலைகள் மட்டும் கிடைத்தால் மூலைவிட்டம். அதுவும் இடம் செவ்வகம் அல்ல என்று உறுதியாகி, இரண்டையும் அளக்க முடிந்தால் மட்டுமே. இரண்டும் சமமாக இல்லையென்றால் அந்த விடையை எழுதிக்கூடப் பார்க்காதீர்கள். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் மணலும் பனைமட்டையும். சூத்திரம் பிறகு தானாக வரும்.

தளம் காய்ந்த வாரத்தில் மதினி கூப்பிட்டனுப்பினார். தண்ணீர் கட்டி, சாக்கு போர்த்தி, பதமாக இருந்தது களம். "அடுத்த வருசம் இதுக்கு ரெண்டு மடங்கா ஒண்ணு போடணும் ஆத்தா. ஒரு பக்கம் நாப்பத்தோரடி புடிச்சா சரியா?"

"அது நாலு மடங்கு மதினி. ஆயிரத்து அறுநூத்தி எம்பத்தோரு அடி வந்துரும்."

"அப்ப எவ்வளவுதான் புடிக்க?"

அண்ணனின் கயிற்றை எடுத்துக் களத்தின் ஒரு மூலையில் அவரைப் பிடிக்கச் சொல்லி, எதிர்மூலைக்கு நான் போனேன். இழுத்துப் பிடித்த அந்த நீளமே இரண்டு மடங்கு களத்தின் பக்கம். எந்தப் பெருக்கலும் வேண்டாம். மதினி கயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் தரையில் நீட்டிப் பார்த்தார். மறுமுனை தென்னையைத் தாண்டி மூன்றடி போய் நின்றது.

மரத்தையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒங்க அண்ணன் வெட்ட விடமாட்டாரே" என்றார்.